நீக்கிய பதினேழு பேர்

பீர்மேட்டில் நான் இருபத்தைந்து வருடம் தேய்த்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் புதிய ரைட்டர் தம்பியிடமிருந்து போன வாரம் ஒரு கடிதம் வந்தது. தேயிலைத் தோட்டத்துக்குப் புதிய துரை வந்திருக்கிறாராம். பழைய ஏடுகளைப் புரட்டியவர் என்னுடைய பிரசவ ஏட்டைப் பார்த்து அசந்துபோனாராம். இத்தனை சுத்தமான வளைவைச் சீமையில் அச்சிட்ட புத்தகத்தில்கூடத் தாம் கண்டதில்லை என்றாராம். அந்த ஏடு ஏன் பாதியில் நின்றது, நான் கையாண்ட முறை என்ன, முக்கியமாக, ஒரு கணக்கு எத்தனை நாள் விலகினால் அதைப் பிழை என்று நீக்க வேண்டும், இதையெல்லாம் விவரமாக எழுதி அனுப்பும்படி தம்பி கேட்டிருக்கிறார். ஓய்வு பெற்றவனை யாராவது புகழ்ந்தால் அவன் அன்றைக்கு ஒரு காப்பி கூடுதலாகக் கேட்பான் என்பது என் வீட்டில் கண்ட உண்மை. நான் இருந்த காப்பியையே குடிக்கவில்லை. என் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

முறையை எழுதுகிறேன். முறையால் விளைந்ததை எழுதாமல் விட்டால் இதுவும் இன்னொரு சுத்தமான ஏடாகிவிடும். அதனால் கடிதம் நீண்டுவிட்டது. துரைக்கு இதை இங்கிலீஷில் சொல்லும் சிரமம் தம்பியுடையது.

நான் பிறந்தது எருத்தேன்பதி. அப்பா மானாவாரியில் கடலை போட்டார், நான் பாலக்காட்டில் பி.ஏ. படித்தேன். விளைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கணிதத்தில் தேறி இங்கிலீஷில் தவறினேன். அந்தத் தகுதியோடு வெள்ளைக்காரர் ஆபீசுக்குக் கணக்கெழுதும் ரைட்டராகப் புறப்பட்டபோது அப்பா பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது. "இங்கிலீசுல பெயிலானவன் வெள்ளைக்காரங்கிட்டப் போறானுங்க. ரெண்டு பேரும் என்னத்தப் பேசிக்குவாங்களோ, சாமிக்குத்தான் வெளிச்சம்." கம்பம் வரை வண்டி, பிறகு குமுளி ஏற்றம், பிறகு அட்டை, குளிர், வேலை பழகிய வருடங்கள். அவற்றை எழுதி யாரையும் வதைக்கப் போவதில்லை.

கல்லூரியில் கற்றதில் ஒன்றே ஒன்று என்னோடு மலை ஏறியது. ஒரு நட்சத்திரத்தின் இடத்தை இருபது பேர் அளந்தால் இருபது விடை வரும். பெரும்பாலானவை நடுவில் குவியும், விலக விலகக் குறையும். கூடைக் கடலையைக் களத்தில் கொட்டினால் நிற்கும் குவியலின் வடிவம் அது. நார்மல் கர்வ் என்று அதற்குப் பெயர். அந்தக் குவியலைப் பற்றி இரண்டே எண் தெரிந்தால் போதும். நடு எங்கே, சரிவின் அகலம் எவ்வளவு. அகலம் என்பது என் சொந்தப் பெயர், இங்கிலீஷ் பெயர் நீளமானது. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால், நடுவிலிருந்து இத்தனை அகலம் தள்ளி ஆயிரத்தில் எத்தனை கடலை கிடக்கும் என்று அட்டவணை சொல்லிவிடும். அப்பா முப்பது வருடம் கடலை கொட்டியும் அவருக்கு அட்டவணை தேவைப்பட்டதில்லை. அவர் படிக்காதவர்.

இனி எங்கள் துரை. அவர் ஐரோப்பிய யுத்தத்தில் பீரங்கிப் படையில் இருந்துவிட்டு வந்தவர். இடது கையின் இரண்டு விரல்கள் பிரான்சிலேயே தங்கிவிட்டன. அங்கிருந்து அவர் கொண்டுவந்தது பழுப்பு அட்டை போட்ட ஒரு அட்டவணைப் புத்தகம். ஒரே பீரங்கி, ஒரே குண்டு, ஒரே அளவு வெடிமருந்து, ஒரே கோணம். இருந்தாலும் குண்டுகள் ஒரே இடத்தில் விழுவதில்லை, என் கடலைக் குவியல் போலத்தான் விழும் என்றார். எனக்கும் அந்தக் குவியல் தெரியும் என்று அறிந்த நாளிலிருந்து என்னை உட்காரச் சொல்லிப் பேச ஆரம்பித்தார். தோட்டத்து ரைட்டர் துரை எதிரில் உட்காருவது என்பது சின்ன விஷயமில்லை. பின்னால் நடந்ததற்கு அந்த நாற்காலியும் ஒரு காரணம்.

மற்றத் துரைகள் சத்தம் போடுவார்கள், கையில் கிடைத்ததை எறிவார்கள். இவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பென்சிலை மேசைமேல் நட்டுக்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொள்வார். விடை வரும்வரை பென்சில் நிற்கும். வெளிவேலை பார்க்கும் கண்டக்டர் வந்து, "நாளைக்கு மழை சார்" என்பார்.

"எத்தனைக்கு எத்தனை?"

அவர் சுத்தமாகப் பேசிய தமிழ் அந்த ஒரு கேள்விதான். கண்டக்டர் வானத்தைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். "பத்துக்கு ஏழு சார்" என்று நான் சொல்வேன். பென்சில் படுக்கும். வரும், வராது என்பதெல்லாம் சோம்பேறிகளின் சொல் என்பது துரையின் கொள்கை. எனக்கும் அப்படித்தான் பட்டது. எத்தனையோ பேர் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்த தோட்டத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பின்னத்தில் பேசினோம்.

ஒரு நாள் கேட்டார். "ரைட்டர், பொம்பளே ஆளு எப்போ பிள்ளே பெறும், முன்னாடி சொல்ல முடியுமா?" கொழுந்து பொங்கும் மாதத்தில் எத்தனை பெண்கள் பிரசவத்தில் படுப்பார்கள் என்று தெரிந்தால் ஆள் ஏற்பாடு செய்யலாம் என்பது அவர் எண்ணம்.

முடியும் என்று கண்டுபிடித்தேன். தம்பி கேட்ட முறை இதுதான்.

காலையில் ஆட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் இடத்தைப் பெரட்டுக் களம் என்போம். பெயர் என்று சொல்வது வழக்கம், கொடுப்பது நம்பர்தான். நம்பருக்கு எதிரே கங்காணி அன்றன்றைக்குக் குறி போடுவார். வந்தவருக்குக் கோடு. காய்ச்சல் என்று நின்றவருக்கு 'கா', அதற்கு ஆஸ்பத்திரிக் கொட்டகைச் சீட்டு வேண்டும். பெண்கள், "மூணு நாளு" என்று சொல்லிவிட்டால் சீட்டு வேண்டாம். எந்தக் கங்காணியும் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க மாட்டார். தலையைத் திருப்பிக்கொண்டு மூன்று சுழி போடுவார். கல்யாணமான ஒவ்வொரு பெண்ணுக்கும் மாதம் மூன்று சுழி. சுழி நின்றால் கர்ப்பம். கடைசிச் சுழிகளில் முதலாவதிலிருந்து பிள்ளை பிறந்த தேதி வரை நாள் எண்ணினால் போதும், பிரசவக் காலம் கிடைத்துவிடும். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த முறையின் அழகு என்று நினைத்தேன்.

பழைய பெரட்டு ஏடுகளைக் கொட்டகையின் பிறப்புப் பதிவோடு ஒத்துப்பார்த்து இருநூறு பிரசவங்களை எடுத்தேன். அவற்றில் பதினேழு கணக்குகள் அசிங்கமாக இருந்தன. பதினொன்று மிகவும் குறைவு, ஆறு மிகவும் அதிகம். இருநூற்று நாற்பத்தைந்து நாளில் பிறந்த குழந்தைக்குப் பதிவில் நிறைமாதப் பிள்ளையின் எடை எழுதியிருந்தது. இன்னொன்று முந்நூற்றைத் தாண்டி ஓடியது. கங்காணி தூக்கத்தில் போட்ட சுழிகள் என்று முடிவு கட்டினேன். நடுவிலிருந்து இருபது நாளுக்கு மேல் விலகினால் அது ஏட்டுப் பிழை, நீக்கிவிட வேண்டும் என்று ஒரு விதி செய்தேன். அந்தப் பதினேழையும் நம்பரும் நாளுமாக ஒரு துண்டுத்தாளில் குறித்து, 'தவறானவை' என்று தலைப்பிட்டு, மேசை இழுப்பறையில் போட்டேன். மிச்சம் நூற்று எண்பத்து மூன்றைச் சிவப்பு மையும் நீல மையுமாக நல்ல ஏட்டில் எழுதினேன். நடு இருநூற்று எழுபத்தொன்பது நாள். அகலம் எட்டு நாள். படம் போட்டுப் பார்த்தால் வழுவழுவென்று ஒரு குன்று. துரை அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "பீரங்கி இவ்ளோ நல்லா சுடாது" என்றார்.

அந்த வருடம் ஒரு சமயம் ஒன்பது பெண்கள் நிறைமாதம். வரும் திங்கட்கிழமைக்குள் எத்தனை பேர் பெறுவார்கள் என்று கேட்டார். ஒவ்வொருத்தியும் அன்றைக்கு நடுவிலிருந்து எத்தனை அகலத்தில் இருப்பாள் என்று பார்த்து, அட்டவணையிலிருந்து ஒன்பது பின்னங்களை எடுத்துக் கூட்டினேன். ஆறுக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு பேர் பெற்றார்கள். துரை எனக்கு ஒரு சிகரெட் கொடுத்தார். நான் புகைப்பவனல்ல. அதைப் பல வருடம் வைத்திருந்து, கடைசியில் பூச்சி அரித்ததும் தூக்கிப் போட்டேன்.

இனி பேச்சியம்மாள். அவள் கொழுந்து எடுப்பவள், சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. புருஷன் சுடலைமுத்து தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுபவன். மூன்று வயதில் ஒரு பையன். தகப்பனுக்குப் பாரிசவாயு என்று ஆள் வந்து சொல்லிச் சுடலைமுத்து ஊருக்குப் போனான். தகப்பன் சாக நாலு மாதமாயிற்று, நிலத்தை ஒழுங்கு செய்ய மூன்று மாதமாயிற்று. திரும்பி வந்தபோது பேச்சிக்கு நிறைவயிறு. அவனுக்குச் சந்தோஷம்தான், குமுளிச் சந்தையில் வளையல் வாங்கி வந்தான். ஆனால் துரை லைன் என்னும் வரிசை வீடுகளில், லயத்தில், இருந்த பெண்கள் எதிர்பார்த்த நாளில் பிள்ளை பிறக்கவில்லை. அது கடந்து ஒரு வாரம், இன்னொரு வாரம், அதற்கு மேலும் ஆயிற்று. பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்குள் லயத்தில் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

எண்ண ஆரம்பித்து வைத்தவர் அவர்கள் கூட்டத்தின் பெரிய கங்காணி. அவர் ஆபீசுக்கு வந்தார்.

"ரைட்டரய்யா, நாள் கணக்கெல்லாம் ஒங்க ஏட்டுல இருக்காமே. ஞாயித்துக்கெழம பஞ்சாயத்து வச்சிருக்கோம். ஒரு வார்த்த வந்து சொல்லிட்டியன்னா போதும்."

லயத்து வழக்கில் ஆபீஸ்காரன் தலையிடுவது வழக்கமில்லை. துரையிடம் கேட்டேன். அவர் கண் பளபளத்தது. "போ ரைட்டர். நல்ல கணக்கு" என்றார். சனிக்கிழமை பகலெல்லாம் அதையே போட்டுக்கொண்டிருந்தேன். மறைக்காமல் சொல்கிறேன், அந்த மலையில் நான் கழித்த நாட்களில் அவ்வளவு இன்பமான நாள் இன்னொன்று இல்லை.

கணக்கு இதுதான். அவள் நம்பருக்கு எதிரே ஏட்டில் மூன்று சுழி. அதில் முதல் சுழிக்குப் பத்தாம் நாள் புருஷன் ஊருக்குப் போகிறான். அந்த முதல் சுழிக்கு இருபத்தெட்டாம் நாள், அதாவது அவன் போய்ப் பதினெட்டு நாள் கழித்து, இன்னொரு மூன்று சுழி. அதற்குப் பிறகு சுழியே இல்லை. இரண்டாம் தடவைச் சுழிகள் நிஜமானால் பிள்ளை புருஷன் போன பிறகு உண்டானது. அப்படியானால் பிரசவக் காலம் இருநூற்று எழுபத்திரண்டு நாள். நடுவிலிருந்து ஏழு நாள்தான் விலகல், ஓர் அகலம்கூட இல்லை. அந்த இரண்டாம் தடவை பொய்யானால் முதல் தடவைச் சுழியிலிருந்து எண்ண வேண்டும். அப்போது முந்நூறு நாள். முந்நூறில் இருநூற்று எழுபத்தொன்பது போனால் இருபத்தொன்று. எட்டால் வகுத்தால் இரண்டரை அகலத்துக்கும் சற்று மேல். அட்டவணையில் அந்த இடத்தில் ஆயிரத்துக்கு நாலு.

ஞாயிறு காலை பெரட்டுக் களத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் நாற்காலி. பேச்சியம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு களத்துக் கொட்டகைத் தூணோடு உட்கார்ந்திருந்தாள். சுடலைமுத்து அவளுக்கு நாலு முழம் தள்ளி நின்றான். அவளை அவன் வைத்துக்கொள்வதா, தீர்த்துவிடுவதா என்பதுதான் வழக்கு. தீர்த்துவிட்டால் பையன் அவனோடு, அவள் கைக்குழந்தையோடு மலையை விட்டு இறங்க வேண்டும்.

"ரெண்டாந் தடவ மூணு நாள் நின்னியே, அது என்ன?" என்றார் கங்காணி.

"அது காய்ச்ச" என்றாள். "மழக் காய்ச்ச. சீட்டுக்குப் போனா கொட்டாயில படுக்கப் போட்டுருவாவ. பையன யாரு பாக்கது? அதான் மூணு நாளுன்னு சொல்லிட்டேன்."

"அப்ப அன்னைக்கிச் சொன்னது பொய்யா, இன்னைக்கிச் சொல்லுதது பொய்யா? ஒண்ணச் சொல்லுட்டீ."

பின்னால் இருந்த பெண்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கம் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக் குறித்தும் கொண்டேன்.

"ரைட்டரய்யா சொல்லட்டும்" என்றார் கங்காணி.

எழுந்து நின்று சொன்னேன். "இவள் சொல்வதுபோல இருக்க ஆயிரத்துக்கு நாலு இடம் உண்டு."

"ஆயிரத்துல நாலுன்னா? உண்டா, இல்லையா?"

"உண்டு. ரொம்ப அபூர்வம்."

"நம்ம ஏட்டுல எத்தன பிரசவம் இருக்கு?"

"இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு."

கங்காணி விரலை மடக்கினார். "ஆயிரத்துக்கு நாலுன்னா இருநூத்துக்கு முக்காலே சொச்சம். முழுசா ஒரு பொம்பளகூடத் தேறலையே! எலே, ஒங்க லயத்துல முக்காப் பொம்பள எவளும் இருக்காளாலே?"

களமே சிரித்தது. அந்தப் பெருக்கல் சரிதான். ஆள் பள்ளிக்கூடம் போகாமலே துரையின் நாற்காலிக்குத் தகுதியானவர். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைவு.

சிரிப்பு அடங்கியதும் பேச்சியம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "அய்யா, மூத்தவனும் இப்பிடித்தான் நாள் தப்பிக் கெடந்து பெறந்தான். அப்ப இவுக கூடத்தான் இருந்தாக. இந்த லயத்துலதான் பெத்தேன். ஒங்க ஏட்டுல பாருங்க."

சுடலைமுத்து முதல் தடவையாக நிமிர்ந்தான். "ஆமாய்யா, பாருங்க" என்றான். "எனக்கு நாள் கணக்கு ஞாபகமில்ல. ஏட்டுல இருந்தாப் போதும். நான் இவளக் கூட்டிட்டுப் போயிருதேன்."

நல்ல ஏட்டை மடியில் வைத்து அந்த வருடத்துப் பக்கத்தைப் புரட்டினேன். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே பார்த்தேன். அவள் நம்பரில் பிரசவம் எதுவும் இல்லை.

"ஏட்டில் அந்தக் கணக்கு இல்லையே" என்றேன்.

"பாத்தியளா?" என்றார் கங்காணி. "அப்பிடி ஒரு அதிசயம் நடந்திருந்தா அய்யா எழுதாமலா இருப்பாவ?"

சுடலைமுத்து கடைசியாக என்னிடம் வந்து கேட்டான். "சரியாச் சொல்லுங்கய்யா. எம்புள்ளையா, இல்லையா?"

அது கணக்கில் வராது என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பின்னத்தில் பேசுபவனுக்கு நிறுத்தத் தெரியாது. "ஆனால் மற்றக் கணக்குத்தான் ஏட்டோடு பொருந்துகிறது" என்று சேர்த்தேன். அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டான். தீர்ப்புச் சொல்ல அதற்கு மேல் யாரும் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை அவள் ஆபீசுக்கு வந்தாள். வேலையிலிருந்து பெயர் நீக்கிய சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர முடியாது. எழுதினேன். நம்பர், தேதி, காரணம் என்ற இடத்தில் 'சொந்த விருப்பம்'. எட்டிப் பார்த்தவள் கேட்டாள்.

"இதுல எம்பேரு எங்கய்யா இருக்கு?"

"நம்பர் போட்டால் போதும்."

"எந்த ஏட்டுலயும் பேரு போட மாட்டியளா?"

"வழக்கமில்லை."

அவள் சீட்டை மடித்துக் குழந்தையின் துணியில் செருகிக்கொண்டு போனாள். மூன்று மாதத்தில் சுடலைமுத்துவுக்கும் கங்காணியின் தங்கை மகளுக்கும் கல்யாணம் நடந்தது. இதற்கு எத்தனைக்கு எத்தனை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

வருடாந்தர லீவில் ஊருக்கு வந்தபோது இந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னேன். ஒரு கடினமான கணக்கைத் தீர்த்தவன் சொல்வதுபோலத்தான் சொன்னேன். ஆயிரத்துக்கு நாலு என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தியும் சொன்னேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"ஏனுங்க, பொம்பளைக மூணு நாளுன்னு சொன்னா, மூணு நாளாத்தான் இருக்கோணுமா?"

"பின்னே?"

"தலவலின்னா பத்துக் கேள்வி வரும். காச்சல்னா கசாயம் வரும். மூணு நாளுன்னா ஒருத்தரும் கிட்ட வர மாட்டாங்க. இதே ஊட்டுல உங்கம்மாகிட்ட நானே எத்தன தடவ சொல்லியிருக்கறேன். சின்னவன் வயித்துல இருக்கறபோதுகூட ஒருக்கா சொல்லிப்போட்டுப் படுத்துட்டு, அப்பறம் உங்கம்மாவுக்குப் பதில் சொல்ல முடியாம முழிச்சேனுங்க."

"அங்கே நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்களே, ஒருத்திகூடச் சொல்லவில்லையே."

"சொன்னா அப்பறம் அவிகளுக்கு ஏது படுக்கறதுக்கு மூணு நாளு?" என்றாள். "உங்களையாட்டப் படிச்சவிகளுக்குத்தான் இதெல்லாம் தெரியாது."

லீவு முடிய நாலு நாள் இருக்கும்போதே புறப்பட்டேன். வண்டி மலை ஏறும்போதே பதினொரு குழந்தைகள் எனக்கு விளங்கிவிட்டன. இருநூற்று நாற்பத்தைந்து நாளில் நிறைமாத எடையோடு பிறந்தது அதிசயமல்ல. அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தபோது காய்ச்சலில் சொன்ன பொய்ச் சுழியை நான் கடைசிச் சுழி என்று எண்ணியிருக்கிறேன். சுழி பொய் சொல்லும் என்பதற்குப் பதினொரு சாட்சிகள் என் கையில் இருந்தார்கள். அவர்களைத் தவறானவை என்று எழுதி நானே வெளியே அனுப்பியிருக்கிறேன்.

ஆபீசில் மேசை இழுப்பறையைத் திறந்தேன். துண்டுத்தாள் இருந்தது. குறைந்த பதினொன்றுக்குக் கீழே அதிகமான ஆறு. அந்த ஆறில் மூன்றாவது வரி: நம்பர் நூற்றுப் பதினான்கு, முந்நூற்று மூன்று நாள், ஆண்.

நூற்றுப் பதினான்கு பேச்சியம்மாளின் நம்பர். அந்த வருடம் சுடலைமுத்து ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை, ஏடு அதையும் சொன்னது. அவள் பெரட்டுக் களத்தில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்ட கணக்கு என் கையெழுத்திலேயே இருந்தது. ஏட்டில் இல்லாமல் போனதற்குக் காரணம், அது அவள் சொன்னபடியே இருந்ததுதான்.

பதினேழையும் சேர்த்து மறுபடி போட்டேன். நடு ஒரு நாள் இறங்கியது. அகலம் எட்டிலிருந்து பன்னிரண்டாயிற்று. முந்நூறாம் நாள் இப்போது இரண்டு அகலத்துக்குள் வந்துவிட்டது. முப்பதுக்கு ஒன்று. இருநூறு பிரசவத்தில் ஆறு, ஏழு பெண்கள், முழுப் பெண்கள். ஒரு தடவை நாள் தப்பியவளுக்கு மறு தடவையும் தப்பும் என்பதைச் சேர்த்தால் எவ்வளவு ஆகும் என்பதற்கு என்னிடம் அட்டவணை இல்லை.

துரையிடம் சொன்னேன். பென்சில் நின்றது.

"எத்தனைக்கு எத்தனை?"

"முப்பதுக்கு ஒன்று, சார். அதற்கும் மேலே இருக்கலாம்."

"சுழி நம்ப முடியாதுன்னா ஏடு வேஸ்ட், ரைட்டர்" என்றார்.

"அந்தப் பெண், சார்?"

"அது லைன் சமாச்சாரம். ஆபீஸ் சமாச்சாரம் இல்லே." பென்சில் படுத்தது. மறுநாளிலிருந்து அவர் கொழுந்துக் கூடைகளின் எடைக்குப் படம் போட ஆரம்பித்தார். தம்பி, பிரசவ ஏடு பாதியில் நின்ற கதை இதுதான்.

சுடலைமுத்துவைக் கவாத்துக் காட்டில் தனியாகப் பிடித்துச் சொன்னேன். அவன் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"இப்ப வந்து எதுக்குய்யா சொல்லுதிய?"

"தெரிய வேண்டும் என்று."

"எனக்கா, ஒங்களுக்கா?" என்றான். "அன்னைக்கி ஏட்டுல இல்லன்னு நீங்க சொல்லயில எனக்கு எப்பிடி இருந்துச்சுன்னு தெரியுமா? இனி இன்னொருத்தியும் வந்துட்டா. அவ வயித்துலயும் புள்ள இருக்கு. போங்கய்யா. இன்னொரு தடவ எண்ணாதிய."

பெரட்டுக் களத்தில் ஏறி நின்று எல்லோர் முன்னும் நான் அதைச் சொல்லவில்லை. கங்காணி கோபிப்பார், துரைக்குப் பிடிக்காது, பெண்களின் மூன்று நாள் பறிபோகும். அந்தக் காரணங்கள் மூன்றையும் அன்றைக்கு நிறுத்துப் பார்த்தேன். நான்காவதாக என் நாற்காலி இருந்தது. அதை நிறுக்கவில்லை.

அவளைத் தேடினேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு காரியம் செய்தேன். ஏலக்காட்டுத் தோட்டங்கள் நாலுக்குக் கடிதம் எழுதினேன். மூன்றிலிருந்து பதிலில்லை. நாலாவது தோட்டத்து ரைட்டர் என்னைப் போலவே ஒழுங்கான ஆள். 'பேச்சியம்மாள் என்ற பெயரில் இங்கே பதினொரு பேர் இருப்பதாகக் கங்காணிகள் சொல்கிறார்கள். தங்கள் தோட்டத்து நம்பர் இங்கே பயன்படாது. வேறு அடையாளம் தெரிவிக்கவும்' என்று எழுதியிருந்தார். வேறு அடையாளம் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தை நான் பார்த்ததெல்லாம் களத்தில் ஒரு தடவை, ஆபீசில் ஒரு தடவை. இரண்டு தடவையும் ஏட்டைத்தான் அதிகம் பார்த்தேன்.

மூத்த பையனுக்குப் பன்னிரண்டு வயதானதும் தனி நம்பர் கொடுக்க அழைத்து வந்தார்கள். நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதற்கடுத்த வருடம் கண் மங்கியதென்று விலகி வந்துவிட்டேன். புறப்படும்போது வேறு எதையும் எடுக்கவில்லை, அந்தத் துண்டுத்தாளை மட்டும் எடுத்து வந்தேன். ஆபீஸ் சொத்து. அதற்காகப் புதிய துரை என்மேல் நடவடிக்கை எடுக்கலாம்.

எத்தனை நாள் விலகினால் நீக்குவது என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கடிதத்தோடு அந்தத் தாளை வைத்திருக்கிறேன். நம்பர்களுக்கு எதிரே, பழைய ஆட்களிடம் விசாரித்து நான் அறிந்த பெயர்களை எழுதியிருக்கிறேன். நாலு பேருக்குப் பெயர் கிடைக்கவில்லை. லயத்தில் வயதான பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். பதினேழையும் ஏட்டில் சேர்த்துவிடுங்கள். குன்று கோணலாகும், புதிய துரை முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். பதினெட்டாவதாக ஒரு வரி நான் எழுதாமலே விட்டிருக்கிறேன். அதை உங்கள் கையால் எழுதுங்கள், நம்பர் வேண்டாம்.

பேச்சியம்மாள், கணவன் சுடலைமுத்து. முந்நூறு நாள். பெண்.